பழைய போலீஸ் சங்கீன்கள்: உலைக்கா, காட்சிசாலைக்கா?

மும்பை சோர் பஜாரில் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தரையில் கோணி விரித்துக் கடை போடுகிறவர்களிடம் கிடைக்காத சாமான் இல்லை. நெளிந்த கிராமபோன் குழல், முள் ஓடாத கடிகாரம், கப்பல் விளக்கு, ஜோடி இழந்த பித்தளைத் தாழ்ப்பாள். இவற்றுக்கு நடுவே எப்போதாவது மரப்பிடி போட்ட ஒரு நீளக் கத்தியும் தலைகாட்டும். பிடியின் நுனியில் ஒரு பள்ளம், அதன் பக்கத்தில் அமுக்கும் பொத்தான், குறுக்குக் கம்பியில் ஒரு வளையம். கடைக்காரர் அதை ராஜா காலத்துக் கத்தி என்று கூசாமல் சொல்வார். எந்த ராஜாவும் அதைத் தொட்டதில்லை. துப்பாக்கியின் முனையில் மாட்டுகிற பயனெட் அது. ஹிந்தியிலும் மராத்தியிலும் சங்கீன் என்கிறார்கள். தமிழிலும் அந்தச் சொல் பழையதுதான். அது பேச்சில் சிதைந்து 'சனியன்' என்றும் வழங்கியது. அதன் முனைக்கு எதிரே நின்றவர்கள் அந்தப் பெயரைப் பிழை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

தபால் தலை, நாணயம் சேர்ப்பது போல சங்கீன் சேர்க்கிறவர்களும் உலகெங்கும் உண்டு. பெரும்பாலோர் தேடுவது யுத்தகளத்துக்குப் போய்வந்த சங்கீன்களை. ராணுவம் வேண்டாம் என்று ஒதுக்கிய பிறகு போலீஸ் கைக்குப் போனவற்றை மட்டும் தேடுகிற ஒரு சிறு கூட்டமும் இருக்கிறது. ஜெர்மனியில் முதல் உலக யுத்தத்துக்குப் பின் ராணுவச் சங்கீன்கள் பலவற்றைத் தேய்த்து, மான் கொம்புப் பிடி வைத்து, போலீஸாருக்குக் கொடுத்தார்கள். இன்று அவற்றுக்கு நல்ல கிராக்கி. இந்தியாவில் மான் கொம்பு அலங்காரமெல்லாம் கிடையாது. பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணைப் பொறித்து கான்ஸ்டபிள் கையில் கொடுத்தார்கள். அதோடு சரி.

அந்தச் சாதாரணமான இரண்டாம் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. அது அழிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் கவலை.

ராணுவத்தின் பழைய ஆயுதம் போலீஸுக்கு வந்தது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. 1857-ம் வருஷத்து எழுச்சிக்குப் பிறகு வெள்ளைக்கார சர்க்காருக்கு ஒரு பயம் நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டது. இந்தியச் சிப்பாய் கையில் இருக்கும் துப்பாக்கி, வெள்ளைக்காரச் சிப்பாயின் துப்பாக்கியைவிட ஒரு படி தாழ்ந்ததாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வரியிட்ட குழாய் வெள்ளைக்காரனுக்கு, வழவழப்பான குழாய் இந்தியனுக்கு என்று 1859-லேயே தனி மஸ்கட் செய்து கொடுத்தார்கள். 1861-ல் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ்காரரின் ஆயுதம் சிப்பாயின் ஆயுதத்துக்கும் ஒரு படி கீழே போயிற்று. இந்தக் கொள்கை எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு .410 மஸ்கட்டே போதும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த .303 லீ என்ஃபீல்டு ரைபிள்களை எடுத்து, குழாயைக் குடைந்து வரியை நீக்கி, மாகஸின் இருந்த இடத்தில் மரக்கட்டை வைத்து அடைத்தார்கள். ஒரு தடவை சுட்டால் அடுத்த தோட்டாவைக் கையால் போட வேண்டும். நல்ல துப்பாக்கியைச் செலவு செய்து கெடுத்து போலீஸாருக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்த சர்க்கார் அது. ஜனங்கள் பிடுங்கிக்கொண்டாலும் அதை வைத்து ராணுவத்தோடு மோத முடியாது என்பது கணக்கு.

துப்பாக்கி மட்டமாக இருக்கும்போது அதன் முனையில் இருக்கும் இரும்புக்கு மதிப்பு அதிகம். தாலுகா கஜானா வாசலில் பாரா நின்ற கான்ஸ்டபிளுக்குத் தோட்டா எண்ணித்தான் கொடுக்கப்பட்டது. சுட்டால் ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுத வேண்டும். சங்கீனுக்குக் கணக்கு கிடையாது. கூட்டத்தைக் கலைக்க வரிசையாக நின்று சங்கீனை நீட்டுவதே பல இடங்களில் முதல் மிரட்டலாக இருந்தது. 1921-ல் மாப்பிள்ளைக் கலகத்தை ஒட்டி உருவான மலபார் ஸ்பெஷல் போலீஸை, தமிழ்நாட்டு முதியவர்கள் 'மலபார் போலீஸ்' என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரோடு ரைபிளும் சங்கீனும் சேர்ந்தேதான் நினைவுக்கு வரும்.

அந்தச் சங்கீன்களில் அதிகம் காணப்பட்டது 1907-ம் வருஷத்து மாதிரி. இதன் கதை சுவையானது. பிரிட்டிஷ் ராணுவம் காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் ஒரே ரைபிள் போதும் என்று முடிவு செய்து ரைபிளின் நீளத்தைக் குறைத்தது. ரைபிள் குட்டையானதும், எதிரியின் சங்கீன் முதலில் நம்மவன் நெஞ்சைத் தொட்டுவிடுமே என்று கவலை வந்தது. ரைபிளில் குறைத்ததைக் கத்தியில் கூட்டினார்கள். ஜப்பானிய ராணுவத்தின் சங்கீனைப் பார்த்து, 17 அங்குல அலகுடன் புதிதாக ஒன்று செய்தார்கள். பிடியும் சேர்த்தால் ஒன்றேமுக்கால் அடிக்கு மேல் வரும். எடை ஏறக்குறைய அரைக் கிலோ. ஆரம்பத்தில் குறுக்குக் கம்பியின் ஒரு முனை கொக்கிபோல் வளைந்திருந்தது. 1913-ல் அது தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கொக்கியோடு தப்பிய சங்கீன் இன்று சேகரிப்பாளர்களுக்குப் புதையல்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் மற்ற ஊர்களிலும் லட்சக்கணக்கில் தயாரானவை கப்பலில் இங்கே வந்தன. வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையிலும் செய்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது 17 அங்குலம் மிக நீளம் என்று தெரிந்தது. லாரியில் ஏறி இறங்கவும் பர்மாக் காட்டுப் புதரில் நுழையவும் அது இடைஞ்சல். ஆகவே இந்தியாவில் பழைய சங்கீன்களை 12 அங்குலமாக வெட்டிப் புதிதாக முனை தீட்டினார்கள். புதிதாகச் செய்தவற்றையும் 12 அங்குலத்திலேயே செய்தார்கள். அவசர காலம் என்பதால் அலங்காரமும் மெருகும் போயின. அலகில் பள்ளக்கோடுகூட இல்லாமல் தட்டையாக, கறுப்புப் பூச்சோடு வெளிவந்தன. வடமேற்கு ரயில்வேயின் பட்டறையில்கூட சங்கீன் அடித்தார்கள். ரயில் பெட்டி பழுதுபார்த்த கைகள் அவை.

அந்தப் பள்ளக்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் வடிவதற்காக விட்ட கால்வாய் என்று கடைக்காரர்கள் கண்ணை உருட்டிக்கொண்டு சொல்வார்கள். சுத்தக் கற்பனை. பலம் குறையாமல் எடையைக் குறைப்பதற்காக இருபுறமும் குடைந்த பள்ளம் அது. ஆனால் சேகரிப்பவருக்கு அது வேறு வகையில் உதவுகிறது. முழு நீளச் சங்கீனில் பள்ளம் முனைக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிடும். பள்ளம் முனைவரை ஓடினால், அது நீளமாகப் பிறந்து பிறகு வெட்டப்பட்டது என்று அர்த்தம்.

1962-ல் சீன யுத்தம். அதன் பிறகு ராணுவம் வேகமாகப் புது ரைபிளுக்கு மாறியது. 7.62 எஸ்.எல்.ஆர். வந்தது. இஷாப்பூரில் .303-ன் உடலிலேயே 7.62 தோட்டா சுடும் 2ஏ ரைபிளும் செய்தார்கள். ராணுவம் கழற்றிப்போட்ட .303 மாநிலப் போலீஸுக்கும் ஊர்க்காவல் படைக்கும் போயிற்று. சுட முடியாதபடி ஆக்கியவை என்.சி.சி. மாணவர்களின் தோளுக்கு. இன்று ஓய்வு பெற்றிருக்கும் குமாஸ்தாக்களில் பலர் கல்லூரி மைதானத்தில் அந்தக் கனத்தைத் தூக்கித் தோள் வலித்தவர்கள். 1990-களில் இன்சாஸ் ரைபிள் வந்ததும் எஸ்.எல்.ஆர். போலீஸுக்கு இறங்கியது. மூத்தவன் சட்டை இளையவனுக்கு என்ற வீட்டு நியாயம்தான்.

இளையவனுக்கு அந்தச் சட்டை எவ்வளவு காலம் தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை. 2008 நவம்பர் 26 இரவு, மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளுக்கு எதிரே ரயில்வேக் காவலர்கள் .303-ஐப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பே வடிவமைத்த துப்பாக்கி. தினமும் அந்த நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போகும் தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அன்று நடந்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் பழைய துப்பாக்கியை மாற்றும் பேச்சு வேகம் பிடித்தது. உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்போடு .303-க்கு விடை கொடுத்தார்கள். அங்கே அது .410 மஸ்கட்டுக்குப் பதிலாக வந்தது 1945-ல். முக்கால் நூற்றாண்டு உழைப்பு!

ரைபிள் போனால் அதற்குரிய சங்கீனும் போக வேண்டியதே. எங்கே போகிறது? கழிக்கப்பட்ட ஆயுதங்களில் பெரும்பாலானவற்றின் கதி உருக்கு உலை. இரும்பு இரும்பாக எடை போடப்படுகிறது. ரைபிளைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. சுடக்கூடிய ஆயுதம் வெளியே வந்தால் ஆபத்து. சங்கீன் விஷயத்தில் சர்க்கார் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஒரு 1907 மாதிரிச் சங்கீனைக் கையில் எடுத்து, பிடியை ஒட்டிய அலகின் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு சர்வீஸ் புத்தகமே அங்கே இருக்கும். ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழே மன்னர் ஜார்ஜின் எழுத்துக்கள், 1907 என்ற மாதிரி எண், செய்த மாதமும் வருஷமும், செய்தவர் பெயர். 1907 என்று இருப்பதைப் பார்த்து அந்த வருஷத்தில் செய்தது என்று ஏமாறுகிறவர்கள் அநேகம். உண்மையான வருஷம் அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். மறுபக்கம் சர்க்கார் சொத்து என்று காட்டும் அம்புக் குறி, வளைத்துப் பார்த்துத் தேறியது என்பதற்கு ஒரு பெருக்கல் குறி, சோதனையாளர்களின் முத்திரைகள். இஷாப்பூரில் செய்ததானால் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துக்கள். பிடியின் நுனியிலும் குறுக்குக் கம்பியிலும் பட்டாளத்தின் அடையாளம், அதை ரத்து செய்து அடித்த கோடு, பிறகு போலீஸ் பிரிவின் எழுத்தும் எண்ணும். ஷெஃபீல்டில் 1918-ல் பிறந்த இரும்பு இந்தியாவில் ஏதோ ஒரு ஜில்லாவின் ஆயுதக் கிடங்கில் எத்தனையாவது கொக்கியில் தொங்கியது என்பதுவரை அந்த ஒரு சாண் இடத்தில் பதிந்திருக்கும்.

பழைய சாமான் கடைக்காரருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு வேண்டாம். பளபளத்தால் விலை கூடும் என்று சாணைச் சக்கரத்தில் கொடுத்து எழுத்து, எண் எல்லாவற்றையும் வழித்துவிடுகிறார். சில இடங்களில் நிக்கல் முலாம் வேறு. அப்படிப் பளபளப்பாக்கிய சங்கீன் அலமாரியில் அழகாக இருக்கலாம். அதன் வாய் அடைத்துப்போயிற்று. வாங்கியவர்களே உப்புத்தாளை வைத்துத் தேய்த்துக் கெடுப்பதும் உண்டு. துருவுக்குத் தையல் மெஷின் எண்ணெய் லேசாகத் தடவினால் போதும். மும்பை மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை தடவலாம். தோல் உறைக்குள் வருஷக்கணக்கில் செருகி வைக்கக் கூடாது. தோலைப் பதப்படுத்திய மருந்தே இரும்பைத் தின்றுவிடும்.

கேட்கத் தகுந்த எதிர்வாதம் ஒன்று உண்டு. கத்தியைப் பத்திரப்படுத்து என்று எழுதுவது ஊரில் கத்தி பெருகுவதற்கு வழி செய்யாதா? இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆகவே போலீஸ் கிடங்கின் சங்கீனை ஏலம் போட்டு யாருக்கு வேண்டுமானாலும் விற்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. உருக்குவதற்கு முன் அடையாளங்களைப் பதிவு செய்து, வகைக்கு ஒன்றிரண்டை எடுத்து வைத்துவிட்டு மீதியை உருக்கட்டும். எடுத்து வைத்ததைப் போலீஸ் காட்சிசாலையில் வைக்கலாம். சென்னை எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021-ல் தமிழ்நாடு போலீஸ் காட்சிசாலை திறக்கப்பட்டது. ஊருக்கு லீவில் போகிறவர்கள் எழும்பூரில் ரயில் இறங்கி நடந்தே போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் அப்படி ஒன்று இருந்தால், கிடங்கில் கிடக்கும் இரும்புக்கு இடம் கிடைக்கும்.

இன்னொரு வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. இது அடக்குமுறையின் சின்னம், இதை ஏன் போற்ற வேண்டும் என்பது. 1946 பிப்ரவரியில் கடற்படை மாலுமிகளின் வேலைநிறுத்தத்தை ஒட்டி பம்பாய் வீதிகளில் துப்பாக்கிச் சூட்டில் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மில் தொழிலாளர்கள் அதில் ஏராளம். அந்தக் காலத்துத் துப்பாக்கியும் சங்கீனும் எப்படி இருந்தன, எங்கே செய்தன, யார் கையில் இருந்தன என்று தொழிலாளியின் பேரன் தெரிந்துகொள்ள வேண்டாமா? உருக்கிவிட்டால் மிச்சம் இருப்பது கடைக்காரர் சொல்லும் ராஜா கதைதான். போற்றுவது வேறு, சாட்சியை வைத்துக்கொள்வது வேறு. அத்துடன் அந்தச் சங்கீனைப் பிடித்து நின்ற கான்ஸ்டபிளும் சொற்பச் சம்பளத்துக்கு எட்டு மணி நேரம் வெயிலில் நின்ற ஏழைதான். அவரைப் பற்றியும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த எண் ஒன்றுதான் இருக்கிறது.

இனி, சட்டம். ஆசைப்பட்டு வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. சோர் பஜாரில் பகிரங்கமாக விற்கிறார்களே என்று நினைப்பார்கள். ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் உள்ள விதிகளில் ஐந்தாவது வகை ஆயுதங்களில் வாள், கட்டாரி, ஈட்டியோடு பயனெட்டும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமான, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகு அந்த வகையில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. சங்கீனுக்கு அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. 17 அங்குலமும் சரி, வெட்டிய 12 அங்குலமும் சரி, எல்லைக்கு மேலே. மத்திய சர்க்கார் அறிவிக்கை செய்த பிரதேசமானால் இவற்றை வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். மீறினால் சிறைத் தண்டனை உண்டு. தான் இருக்கும் ஊர் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்காமல் பர்ஸைத் திறப்பது புத்திசாலித்தனம் அல்ல.

மும்பையில் இன்னொரு சங்கடம். மகாராஷ்டிரா போலீஸ் சட்டத்தின் 37-வது பிரிவின்படி, பொது இடத்தில் வாள், ஈட்டி, தடி போன்றவற்றை எடுத்துச் செல்லக் கூடாது என்று தடை உத்தரவுகள் அடிக்கடி பிறப்பிக்கப்படுகின்றன. உத்தரவு அமலில் இருக்கும் நாளில் ஒருவர் பத்திரிகைத் தாளில் சுற்றிய சங்கீனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் தாராவிக்கோ செம்பூருக்கோ போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரித்திர ஆர்வம் என்று ஸ்டேஷனில் அவர் சொல்வதை யார் நம்புவார்கள்? பேச்சில் தமிழ் வாடை, கையில் கத்தி, ரசீது இல்லை. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவருக்குப் பொழுது விடிவதற்குள் வேலையே போய்விடும்.

ரசீது இல்லாததில் வேறொரு கண்ணியும் இருக்கிறது. போலீஸ் எண் பொறித்த சங்கீன், முறைப்படி கழித்து விற்கப்படும்வரை சர்க்கார் சொத்து. கிடங்கிலிருந்து பின்வாசல் வழியாக வந்ததா, ஏலத்தில் வந்ததா என்று தெருக்கடையில் எப்படித் தெரியும்? நேர்மையான சேகரிப்பாளர் எண் இருப்பதைத் தேடுகிறார். அந்த எண்ணே அவரைத் திருட்டுப் பொருள் வாங்கியவராக்கவும் கூடும். இதனால்தான் விற்கிறவர்கள் சாணை பிடிக்க அவசரப்படுகிறார்களோ என்றுகூடத் தோன்றும். கழிக்கும்போதே இன்ன எண், இன்ன தேதியில் கழிக்கப்பட்டது என்று ஒரு பட்டியலைப் போலீஸ் இலாகாக்கள் வெளியிட்டுவிட்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும். திருட்டு எது, நியாயமானது எது என்று சொல்ல அது ஒன்றே போதும். செலவும் இல்லை. கிடங்கில் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது.

வெளிநாட்டு ஆசையும் வேண்டாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்தியச் சங்கீன்களைத் தேடுகிறவர்கள் உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, சரித்திர முக்கியத்துவமுள்ள பொருளுக்கு நூறு வயது நிரம்பிவிட்டால் அதைத் தனி நபர் நாட்டை விட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. 1918 என்று பொறித்த சங்கீன் நூறைத் தாண்டியாகிவிட்டது. அதைப் பார்சல் கட்டி அனுப்ப நினைப்பவர் முதலில் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்காமலேயே சங்கீன் வந்து சேர்ந்த குடும்பங்களும் உண்டு. பட்டாளத்திலிருந்தோ ஆயுதப் போலீஸிலிருந்தோ ஓய்வு பெற்ற தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், வேஷ்டிக்கு அடியில், உறையோடு ஒன்று கிடக்கும். அவர் காலமான பிறகு பேரன்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் போட்டுவிடுவார்கள், அல்லது ராத்திரியோடு ராத்திரியாகக் கிணற்றிலோ கடலிலோ எறிந்துவிடுவார்கள். இரண்டும் தவறு. முதலில் எழுத்துக்களையும் எண்களையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, தாத்தா எந்தப் படையில் எந்த வருஷங்களில் இருந்தார் என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. பிறகு சங்கீனைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படாமல், விவரத்தை எழுதி அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் மனுவாகக் கொடுத்து, வைத்துக்கொள்ளலாமா, லைசென்ஸ் வேண்டுமா, காட்சிசாலைக்குக் கொடுக்கலாமா என்று கேட்க வேண்டும். ஒப்படைக்கச் சொன்னால், எண்ணைக் குறிப்பிட்டு முத்திரை வைத்த ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்கலாம். பிறகு தருகிறோம், நாளை வாருங்கள் என்பார்கள். நாளைக்கே போக வேண்டும்.